பூவின் குற்றம் யாது?

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்களின் கடைப்பகுதியில் நம் நாட்டினின்றும் விமானமேறி ஜப்பான் சென்று, ஆங்குப் பூத்துக் குலுங்கும் செர்ரி மலர்களைக் கண்டு மீள்வோர் தொகை இக்காலத்துப் பெருகி வருகின்றது. முன்னர்ப் பட்டணத்து வணிகரும் பெரிய உத்தியோகஸ்தரும் மட்டுமே மேற்கொண்ட இப்பிரயாணத்தை, இப்பொழுது தோட்டப்புறத்துப் பிள்ளைகளும், படித்து வேலையிலமர்ந்து சேர்த்த பணத்தைக் கொண்டு, தாய் தந்தையரையும் உடனழைத்துக்கொண்டு மேற்கொள்கின்றனர். மகிழத்தக்கதே. ஆனால் இது பற்றி நம்மவரிடையே எழும் பேச்சு இரண்டே வகைப்பட்டதாக இருக்கின்றது. சென்று வந்தோர், “ஜப்பானியர் வாழ்வின் நிலையாமையை அப்பூவிற் கண்டு மோனத்தில் ஆழ்கின்றனர், அத்தகைய ரஸனை நம்மவர்க்கு வாராது” என்கின்றனர். வீட்டிலிருக்கும் முதியோர், தம் தந்தையர் வாய்க் கேட்டதை நினைந்து, “சயாம் ரயில் பாதையில் நம் சனங்களைச் சாகவிட்டோரின் பூ அது, அதன் கீழ் நின்று படமெடுத்துக்கொள்வதும் ஒரு பெருமையா?” என்று வினவுகின்றனர்.

இவ்விரு கூற்றும் மேற்பார்வைக்கு முரண்பட்டனவாயினும் இரண்டற்கும் வேர் ஒன்றே. அப்பூவுக்கு ஒரே பொருள்தான் உண்டு, அப்பொருள் மரணமே என்று இரு திறத்தாரும் கொள்கின்றனர். முன்னவர் அதனைத் தத்துவமென்று வணங்குகின்றனர். பின்னவர் அதனைக் கொலையென்று வெறுக்கின்றனர். ஜப்பானியரின் இலக்கியம் இக்கொள்கைக்கு உடன்படுகின்றதா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த விஷயம். ஜப்பானிய மொழி நாம் அறியோம். ஆங்கில மொழிபெயர்ப்புக்களின் வழியே கற்றவற்றைக் கொண்டே பேசுகின்றோம் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்வார்களாக.

முதற்கண் அக்காட்சி எத்தன்மைத்து என்பதை உள்ளவாறு கூறுதல் வேண்டும். மோனம் என்று சொல்லப்படுவது அங்கே மிகச் சொற்பம். தோக்கியோ நகரத்து உவேனோப் பூங்காவில் மரங்கள் பூத்த நாளிற் சென்றால், மரத்தடியெங்கும் நீலநிறப் பிளாஸ்டிக் விரிப்புக்கள் விரிக்கப்பட்டிருக்கும். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த இளைஞனை விடியற்காலையிலேயே அனுப்பி இடம் பிடித்து வைக்கச் செய்வர். அவன் பகலெல்லாம் விரிப்பின் மீது தனியே காவலிருப்பான். மாலையில் மேலதிகாரிகளும் தோழர்களும் உணவுப் பெட்டிகளுடனும் பீருடனும் ஸாக்கே என்னும் அரிசி மதுவுடனும் வந்து சூழ்வர். மூன்று நிறமுள்ள மாவுருண்டைகளைக் குச்சியிற் கோத்துத் தின்பர். உப்பிலிட்ட செர்ரி இலையிற் பொதிந்த இனிப்புப் பலகாரமும் உண்டு. பாட்டும் கைதட்டலும் இராப்பொழுதில் விளக்கொளியிலும் தொடரும். பூவினும் மாவுருண்டையே மேல் என்றொரு பழமொழி அவர்களிடையே உண்டு. சோற்றிலேயே கண்ணாயிருப்பவனைக் கேலி செய்யும் பழமொழி அது. கேலிக்குள்ளும் உண்மை ஒன்று ஒளிந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

பூக்காலம் குறுகியது. தெற்கே கியூஷு, ஷிக்கொக்குத் தீவுகளில் மார்ச்சின் பிற்பகுதியில் அரும்பவிழத் தொடங்கி, தோக்கியோவையும் கியோட்டோவையும் கடந்து, மே முற்பகுதியில் வடக்கே ஹொக்கைடோவை எட்டும். ஓரிடத்தில் மரம் முழுதும் மலர்ந்த பின் ஒரு வாரத்திற்கு மேல் நிற்பதரிது. ஒரு மழையும் காற்றும் வந்தால் அதுவுமில்லை. ஆதலின் மலர்ச்சியைக் கணித்தல் அங்கே ஒரு பெரிய காரியம். ஒவ்வொரு நகரிலும் வானிலை இலாகா ஒரு மாதிரி மரத்தைக் குறித்து வைத்திருக்கின்றது. அம்மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்தால் மலர்ச்சி தொடங்கிற்றென்றும், நூற்றுக்கு எண்பது விரிந்தால் முழு மலர்ச்சி என்றும் அறிவிப்பர். தோக்கியோவுக்குரிய மாதிரி மரம், போரில் இறந்தோரைத் தெய்வமாக வைத்து வழிபடும் யாசுகுனி ஆலயத்தின் வளாகத்தில் நிற்கின்றது. இச்செய்தியை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம். கியோட்டோவில் முழு மலர்ச்சி நாட்களைப் பழைய நாட்குறிப்புக்களிலிருந்து திரட்டி ஆயிரத்திருநூறு ஆண்டுக் கணக்கு வகுத்துள்ளனர். அக்கணக்கில் 2021ஆம் ஆண்டு மார்ச்சு 26ஆந் தேதி அதுவரை இருந்த யாவற்றினும் முற்பட்டதாயிருந்தது. பூமி சூடேறுவதை அம்மரங்களும் எழுதி வைக்கின்றன.

செர்ரி தொடக்கத்திலேயே அரியணை ஏறிய மலரன்று. எட்டாம் நூற்றாண்டிற் றொகுக்கப்பட்ட மன்யோஷூ என்னும் பெருந்தொகையில், சீனத்தினின்றும் வந்த பிளம் மலரைப் பாடிய பாட்டுக்களே செர்ரிப் பாட்டுக்களினும் மிகுதி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்து எழுந்த கொக்கின்ஷூவில் நிலை மாறிவிட்டது. இடையே, 812ஆம் ஆண்டில், ஸாகா சக்கரவர்த்தி செர்ரி மரத்தடியில் விருந்து நடத்தினார் என்பர். அதன் பின் நெடுங்காலம் இப்பூ அரண்மனைக்கும் பிரபுக்களுக்கும் துறவிகளுக்குமே உரியதாயிருந்தது. 1594இல் யோஷினோ மலையிலும் 1598இல் டைகோ ஆலயத்திலும் ஹிதெயோஷி என்னும் படைத்தலைவர் நடத்திய ஆடம்பர விருந்துகளை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. அவற்றை நாம் விரிக்கப் போவதில்லை.

இனி நூல்களுக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டில் கென்கோ என்னும் துறவி ‘த்ஸுரெஸுரெகுஸா’ என்றொரு நூல் எழுதினார். வேலையற்ற பொழுதில் எழுதிய குறிப்புக்கள் என்பது அப்பெயரின் கருத்து. அதன் 137ஆம் பகுதி உலகப் புகழ் பெற்றது. முழுதும் மலர்ந்த பூவையும் முகிலற்ற திங்களையும் மட்டுமே காணத்தகுவன என்று கொள்ளலாகாது. இனி மலரப்போகும் கிளையும், இதழ் சிதறிய முற்றமுமே ஆழ்ந்து நோக்கற்குரியன என்று அவர் வாதிக்கின்றார். உயர்ந்த கருத்து, நாம் மறுக்கவில்லை. ஆனால் நம்மில் ஆங்கிலம் கற்றோர் பலர் இவ்விடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகின்றனர். கென்கோ மேலும் எழுதுகின்றார். நாட்டுப்புறத்தான் பூவைக் காணும் விதத்தை எள்ளி நகையாடுகின்றார்: அவன் நெருக்கித் தள்ளிக்கொண்டு மரத்தண்டை போய் நிற்பானாம், கண்கொட்டாமல் பார்ப்பானாம், குடிப்பானாம், இறுதியிற் பெருங்கிளையையே ஒடித்துக்கொண்டு போவானாம், நீரூற்றைக் கண்டால் கையையும் காலையும் நனைப்பானாம், உறைபனியைக் கண்டால் இறங்கி மிதித்துச் சுவடு பதிப்பானாம்.

கிளையொடித்தல் தவறே, அதனை யாரும் ஆதரியார். மற்றவை யாது குற்றம்? இன்று அரும்பையும், நாளை மலரையும், நாளை மறுநாள் சிதறிய முற்றத்தையும் காண்பதற்கு நாள் உடையவர் கென்கோ. நாட்டுப்புறத்தானுக்கு வாய்த்தது ஒரே நாள். கழனி வேலைக்கிடையே ஒரு பகலைப் பறித்துக்கொண்டு, காததூரம் நடந்து வந்தவன் மரத்தை நெருங்கித் தொட்டுப் பார்க்க விரும்புவதில் வியப்பென்ன? தள்ளி நின்று ரஸிப்பது மறுமுறையும் வரக்கூடியவனுக்கே எளிது. கிராணிமார் குவார்ட்டர்ஸ் திண்ணையிலிருந்து லயத்துக் கூத்தைப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு; தோட்டத்தில் உத்தியோகம் பார்க்கும் நமக்கு அது நன்கு தெரிந்த பார்வை. கென்கோவின் வசனம் எத்துணை அழகியதாயினும் அத்திண்ணையின் வாடை அதில் வீசுகின்றது. நியாயம் கருதி இதனையும் சொல்லிவிடுவோம்: அதே பகுதியில், திருவிழாக் கூட்டம் கலைந்தபின் வெறிச்சோடிய வீதியைப் பார்த்து அவர் உருகுகின்றார். கூட்டத்தைக் காட்சியாகக் காண அவருக்குப் பிடித்திருந்தது. கூட்டத்தோடு கூடியிருக்கத்தான் பிடிக்கவில்லை போலும்.

இவ்வழக்கை நேராக எடுத்துப் பேசும் நாடகம் ஒன்றுண்டு. ‘ஸைகியோஸகுரா’ என்பது அதன் பெயர். நோ என்னும் தொன்மையான நாடக வகையைச் சேர்ந்தது. அக்கலையின் தலைவரான ஸெயாமி இயற்றியதென்பர். ஸைகியோ என்பார் 1118 முதல் 1190 வரை வாழ்ந்த கவி. அரண்மனைக் காவற்படையில் இருந்து, இளமையிலேயே துறவு பூண்டவர். வசந்தத்தில் முழுத்திங்கட் காலத்தில் பூமரத்தடியில் இறக்க வேண்டுமென்று பாடியவர்; அவ்வாறே இரண்டாம் மாதத்துப் பதினாறாம் நாளில் இறந்தவர். இத்தகைய பூப்பித்தரையே நாடகாசிரியர் குற்றக் கூண்டில் ஏற்றுகின்றார்.

கதை எளிது. கியோட்டோவின் மேற்கு மலையில் ஸைகியோவின் குடில். முற்றத்தில் பழைய செர்ரி மரம் ஒன்று முழுதும் பூத்திருக்கின்றது. இவ்வாண்டு யாரையும் உள்ளே விடவேண்டாமென்று கவி உத்தரவிடுகின்றார். ஆயினும் தலைநகரத்து மக்கள் திரண்டு வந்து வாயிலில் நிற்கின்றனர். இத்தனை தூரம் நடந்து வந்தவர்களைத் திருப்பியனுப்ப மனமின்றிக் கதவைத் திறக்கச் சொல்கின்றார். தம் தனிமை கெட்டதே என்ற மனக்குறையால் ஒரு பாட்டும் பாடுகின்றார். கூட்டத்தை இழுத்து வருவது ஒன்றே செர்ரியின் குற்றம் என்பது அப்பாட்டின் கருத்து. இரவாகின்றது. மரத்தினின்றும் நரைத்த கிழவர் ஒருவர் தோன்றுகின்றார். அவர் அம்மரத்தின் ஆவி. அவர் வந்தது ஒன்றைக் கேட்பதற்கே: பூவின் குற்றம் யாது? புல்லுக்கும் மரத்துக்கும் நினைவில்லை, விருப்பு வெறுப்பில்லை. அது தன் பருவத்தில் பூக்கின்றது, அவ்வளவே. தொல்லையென்று காண்பது காண்பவன் மனம். துறவி விடையின்றி நிற்கின்றார். பின் அக்கிழவர் தலைநகரைச் சூழ்ந்த பேர்பெற்ற செர்ரி மரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, மெல்ல ஆடுகின்றார். வசந்த இரவு குறுகியது, பொழுது புலர்கின்றது, கிழவர் மறைகின்றார். மரமும் உதிர்ந்த மலருமே எஞ்சுகின்றன.

கவிதையைக் கவிதையின் பொருளே வந்து கண்டிக்கும் விந்தையை வேறெங்கும் நாம் கண்டதில்லை. பெரும் புகழுடைய கவி ஒருவரை மேடையில் நிறுத்தி, “உன் பாட்டு அழகாயிருக்கிறது, ஆனால் நியாயமாயில்லை” என்று சொல்லுவிக்கும் துணிவு பாராட்டற்குரியது. அழகிய வாக்கு என்பதனாலேயே ஒரு வாக்கு மெய்யாகிவிடாது என்பதை விமரிசகர் சொல்லலாம்; இங்கே மரமே சொல்கின்றது. ஆயினும் ஒரு குறையை நாம் மறைக்க விரும்பவில்லை. கூட்டத்தின் பொருட்டு எழுந்த வழக்கில் கூட்டத்தாருக்குப் பேச்சில்லை. அவர்கள் வந்தனர், உள்ளே விடப்பட்டனர், அவ்வளவே. மரத்தின் ஆவி தரிசனம் தருவது துறவிக்கு. நடந்து வந்தவர்கள் என்ன கண்டார்கள், என்ன தின்றார்கள், எதற்காகச் சிரித்தார்கள் என்று கேட்க ஸெயாமிக்குத் தோன்றவில்லை.

அதற்கு மேலும் முந்நூறு ஆண்டு செல்ல வேண்டியிருந்தது. எடோ என்று தோக்கியோ அழைக்கப்பட்ட காலத்தில் உவேனோ மலையிலும் பூமரங்கள் இருந்தன. ஆனால் அது ஆளும் தொக்குகாவா குடும்பத்தின் ஆலய நிலம். ஆங்கே குடியும் பாட்டும் கூடா. மாலையானால் வாயில் அடைபடும். எட்டாம் ஷோகனான யோஷிமுனே 1720ஐ ஒட்டிய ஆண்டுகளில் அசுகாயாமா என்னும் மேட்டில் ஆயிரத்துக்கு மேற்பட்ட செர்ரிக் கன்றுகளை நடுவித்து, பின்னர் அதனைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். ஸுமிதா ஆற்றங்கரையிலும் நட்டார்கள். அங்கே குடிக்கலாம், பாடலாம், வேஷம் போட்டு ஆடலாம். இலையிற் பொதிந்த இனிப்புப் பலகாரம் பிறந்ததும் அவ்வாற்றங்கரையில்தான். மக்கள் கூடிக் களித்தால் கலகம் நினையார் என்று ஆட்சியாளர் எண்ணியிருக்கலாம். எது எப்படியாயினும், தச்சனும் சுமைகூலியும் மரத்தடியில் உரிமையோடு உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்தவர்கள் தமக்கென ஓர் இலக்கியத்தையும் படைத்துக்கொண்டனர்.

ரக்குகோ என்பது ஒருவரே மெத்தையில் அமர்ந்து, ஒரு விசிறியும் ஒரு கைத்துண்டும் மட்டும் துணையாகக் கொண்டு, பல குரலில் நடித்துச் சொல்லும் நகைக்கதை. அவற்றுள் ‘நகயா நொ ஹனாமி’ என்பது ஒன்று. ஹனாமி என்றால் பூக்காண்டல். நகயா என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஏழைகளின் குடியிருப்பு. நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டா. லயம் என்றால் போதும்.

குடிவாரத்துக்காரர் ஒரு நாள் காலையில் நகயாவாசிகள் அனைவரையும் கூப்பிட்டனுப்புகின்றார். வாடகைப் பாக்கி கேட்கத்தான் என்று எல்லோரும் நடுங்குகின்றனர். நீ எவ்வளவு பாக்கி என்று ஒருவரையொருவர் விசாரிக்கின்றனர். ஒருவன் தான் ஒரு தரம் கொடுத்ததாகப் பெருமையாகச் சொல்கின்றான். எப்போதென்றால், பல வருஷங்களுக்கு முன் குடிவந்த மாதத்தில். இன்னொருவன் தன் தகப்பன் காலத்தில் கொடுத்திருப்பதாக நினைக்கின்றான். மற்றொருவன் வாடகை என்றால் என்னவென்று கேட்கின்றான்! சென்று பார்த்தால் விஷயம் வேறு. இக்குடியிருப்புக்கு ஏழை நகயா என்று பெயர் வந்துவிட்டதே, தரித்திரத்தை ஓட்ட எல்லோரும் உவேனோவுக்குப் பூக்காணப் போவோம், மதுவும் பலகாரமும் நானே தயார் செய்துவிட்டேன் என்கின்றார் குடிவாரத்துக்காரர். ஆரவாரம் எழுகின்றது. பிறகு மெய் வெளிப்படுகின்றது. புட்டிகளில் இருப்பது நீர்விட்டு நிறம் சரிசெய்த தேநீர். மீனை அரைத்து அவித்த கமபோக்கோத் துண்டுகள் என்றவை பிறைபிறையாக நறுக்கிய முள்ளங்கி. முட்டைச் சுருள் என்றது மஞ்சள் நிறத்து முள்ளங்கி ஊறுகாய். விரிப்புக்குப் பதில் வைக்கோற்பாய்.

உவேனோவில் நடப்பது இன்னும் வேடிக்கை. அக்கம் பக்கத்தார் கேட்கும்படி மகிழ்ச்சி காட்ட வேண்டுமென்று குடிவாரத்துக்காரர் கட்டளையிடுகின்றார். “முட்டை”யைக் கடிக்கும்போது சத்தம் வராமல் கடிக்க வேண்டும். கமபோக்கோவை மெச்சச் சொன்னால், ஒருவன் அதன் இலையும் நன்றாயிருக்கும் என்று உளறிவிடுகின்றான். போதையேறு என்று ஒருவனுக்கு முறை வைக்கின்றார். அவன் மிக்க மரியாதையோடு, இதோ போதையேறிவிட்டது என்று அறிக்கை செய்கின்றான். எப்படியிருக்கின்றது என்றால், போன வருஷம் கிணற்றில் விழுந்தபோது இருந்தது போல இருக்கின்றது என்கின்றான். (பிறர் ஆசை கொள்ளும்படி கூலிக்குக் கூட்டத்தில் நின்று கைதட்டுவோரைச் ‘சகுரா’, அதாவது செர்ரி, என்றே ஜப்பானிய வழக்கில் அழைப்பர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.) முடிவில் ஒருவன், நமக்கு நல்ல காலம் பிறக்கப் போகிறது என்று கூவுகின்றான். ஏனெனில், அவன் கிண்ணத்தில் தேயிலைக் காம்பு ஒன்று செங்குத்தாக நிற்கின்றது. தேநீரில் காம்பு நின்றால் நற்சகுனம் என்பது அவர்கள் நம்பிக்கை. அவனோ மதுவில் காம்பு நிற்பதாகச் சொல்கின்றான்.

இக்கதை ஒஸாக்காவினின்றும் தோக்கியோவுக்கு வந்தது. மூலக்கதையில் குடிவாரத்துக்காரர் இல்லை. காலை மழையினால் வேலைக்குப் போக முடியாமற் போன குடியிருப்பினர், வானம் வெளுத்ததும் தாமே புறப்படுகின்றனர். மழை பெய்தால் மரம் வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்பதை அறிந்த நம்மவர்க்கு அத்தொடக்கம் உடனே விளங்கும். பின்னர் அவர்கள் பொய்ச் சண்டை மூட்டிப் பணக்காரக் கூட்டத்தை வெருட்டி, அவர்கள் விட்டோடிய உணவை உண்கின்றனர். இதுவே மக்கள் கதை, தோக்கியோக் கதை மழுங்கியது என்று கொள்வோர் உளராயின் நாம் அவரோடு இசையோம். குடிவாரத்துக்காரரைப் புகுத்தியதனாலேயே கதை கூர்மை பெற்றது. களிப்பும் ஒரு கட்டளையாகிவிட்ட நிலையை அது காட்டுகின்றது. மேலேயிருப்பவர் “மகிழ்” என்கின்றார். கீழேயிருப்பவர் “மகிழ்ந்தேன் ஐயா” என்கின்றார். இருவருக்கும் மேலே பூ உதிர்ந்துகொண்டிருக்கின்றது. ஆயினும் அப்பொய்க் களிப்பினிடையே, நம் ஏழ்மையை நாமே சொல்லிச் சிரித்தோம் என்னும் மெய்க்களிப்பு ஒன்று எப்படியோ பிறந்துவிடுகின்றது. அதனைக் கட்டளையிட யாராலும் முடியாது. கென்கோவின் தத்துவத்தில் நாம் காணாத மனிதரை இங்கே காண்கின்றோம்.

மரத்தடியில் மகிழக் கட்டளையிட்டவர் நகைக்கதை ஆள். சாகக் கட்டளையிட்டவர்கள் பின்னால் மெய்யாகவே வந்தனர். முதியோர் வினாவுக்கு இங்கே வருகின்றோம்.

மோத்தோரி நோரினாகா (1730–1801) என்னும் பேரறிஞர், 1790இல், தம் அறுபத்தொன்றாம் வயதிற் றீட்டிய தம் உருவப்படத்தில் ஒரு பாட்டு எழுதினார். தம் நாட்டு உள்ளத்துக்கு மலைச் செர்ரியையும் காலைக் கதிரையும் அதில் உவமையாக்கினார். நேயர்கள் உற்று நோக்க வேண்டியது ஒன்று: அப்பாட்டில் உதிர்தல் இல்லை, போர் இல்லை, சக்கரவர்த்திக்காக உயிர் துறத்தல் இல்லை. ஒரு மரம் காலை வெயிலில் ஒளிர்கின்றது, அவ்வளவே. தம் சமாதியில் ஒரு மலைச் செர்ரியை நடவேண்டுமென்று உயிலில் எழுதிவைத்த மனிதர் அவர். 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸ் கடலில், விமானத்தோடு எதிரிக் கப்பலில் மோதி மாளும் படை முதன்முறை அமைந்தபோது, அதன் நான்கு பிரிவுகளுக்கும் இப்பாட்டின் சொற்களையே பெயராக இட்டனர். ‘மலைச் செர்ரி’ என்பதும் ஒரு பிரிவின் பெயர். அதே ஆண்டில் ஆளையேற்றி விடும் வெடிகுண்டு விமானம் ஒன்றை உருவாக்கி, அதற்குச் செர்ரிப் பூ என்று பொருள்படும் ‘ஓகா’ என்ற பெயரையே சூட்டினர். சிரான் என்னும் ஊரின் பள்ளிச் சிறுமியர் பூங்கிளைகளை அசைத்து விமானிகளை வழியனுப்பும் 1945 ஏப்ரல் மாதத்துப் புகைப்படம் இன்றும் காணக் கிடைக்கின்றது.

இம்மாற்றம் எங்ஙனம் நிகழ்ந்தது? மரமே மாறியது என்பது ஒரு விடை. ஸைகியோவும் நோரினாகாவும் கண்ட மலைச் செர்ரி, இளந்தளிரும் பூவும் உடன் தோன்றுவது. விதையினின்று முளைப்பதாதலின் மரத்துக்கு மரம் நிறமும் நாளும் வேறுபடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடோவை அடுத்த ஸொமெய் என்னும் ஊரின் நாற்றங்கால்காரர்கள் பரப்பிய புதுவகை ஒன்றுக்கு, 1900இல் ‘ஸொமெய்-யோஷினோ’ என்ற பெயர் நிலைபெற்றது. இது இலை தோன்றுமுன் கிளை தெரியாமற் பூப்பது; விரைந்து வளர்வது. விதையில் இதன் இயல்பு மாறிவிடுமாதலின் ஒட்டுக்கட்டியே பெருக்குகின்றனர். மொட்டு ஒட்டிய ரப்பர்க் கன்றுகளின் கணக்கெழுதும் நம்போன்றோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். நாடெங்கும் நிற்கும் இலட்சக்கணக்கான மரங்களும் ஒரே மரம். ஆதலின் ஓர் ஊரில் எல்லாம் ஒரே நாளிற் பூத்து, ஒரே நாளில் உதிரும். மேய்ஜி காலத்திற்குப் பின் பள்ளிக்கூடங்களிலும் படைமுகாம்களிலும் பழங்கோட்டைகளிலும் வரிசை வரிசையாக நட்டவை பெரும்பாலும் இவையே. ஒன்றுபோல மலர்ந்து ஒன்றுபோல விழும் இம்மரத்தைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் எளிதாயிற்று. மலைச் செர்ரியைக் கொண்டு அப்பாடத்தைச் சொல்லியிருக்க முடியுமா என்பது நம் ஐயம்.

ஆனால் எல்லாவற்றையும் ஒட்டுமரத்தின் மேல் ஏற்றிவிடவும் கூடாது. பாடத்தை எழுதியவர்கள் மனிதர்கள். மானிடவியல் அறிஞர் எமிகோ ஒனூக்கி-டியர்னி 2002இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாகக் காட்டுகின்றார். காதலுக்கும் வாழ்வுக்கும் விளைச்சலுக்கும் கூத்துக்கும் எல்லாம் உவமையாயிருந்த பூவைச் சர்க்கார் மரணத்தின் பக்கம் மெல்ல மெல்ல வளைத்தது என்கின்றார். வானூர்திகளில் ஏற்றப்பட்ட மாணவர்களின் நாட்குறிப்புக்களையும் அவர் படித்துக் காட்டுகின்றார். உதிரும் இதழ் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அவ்விளைஞர்கள், மறுபக்கத்தில் அச்சத்தையும் ஐயத்தையும் வாழும் ஆசையையும் எழுதி வைத்திருக்கின்றனர்.

அதே சர்க்கார்தான் 1942 முதல் 1943 அக்டோபர் வரை நம் தோட்டங்களினின்றும் பல பதினாயிரம் தமிழர்களைச் சயாம் காட்டுக்கு ஏற்றிச் சென்றது. அவர்களுக்கு உவமையும் இல்லை, பாட்டும் இல்லை. காலராவும் பட்டினியும் பெயரெழுதாத குழிகளுமே கிடைத்தன. தன் பிள்ளைகளை இதழென்று சொல்லிக் கொன்றவர்கள், நம் சனங்களை எண்ணிக்கை என்று சொல்லிக் கொன்றார்கள். இதனை மறந்துவிட்டுப் பூவைப் பார்க்க வேண்டுமென்று யாரும் நம்மைக் கேட்க உரிமையில்லை.

அப்படியானால் மரத்தடிக் கிழவரின் வினாவுக்கு என்ன விடை? பூவின் குற்றம் யாது? ஸெயாமியின் நாடகத்தில் அவ்வினா கூட்டத்தைப் பற்றியது. நாம் அதனைச் சயாம் வரை இழுத்துச் செல்கின்றோம். மரத்துக்குக் குற்றமில்லை என்னும் வாதத்தை நாம் முழுதும் ஏற்கின்றோம். காண்பவன் மனத்தில் இருக்கின்றது என்னும் பகுதியை மட்டும் அப்படியே ஏற்பதற்கில்லை. குற்றம் பொதுவாக யாரோ ஒரு காண்பவன் மனத்தில் மிதந்துகொண்டிருக்கவில்லை. உத்தரவிட்டவர்களுக்குப் பெயரும் பதவியும் தேதியும் உண்டு. யாசுகுனி வளாகத்து மாதிரி மரத்தில் ஐந்தாவது பூவை எண்ணி அறிவிக்கும் வேளையில் தோக்கியோ மகிழ்கின்றது. 1978இல் அவ்வாலயத்தில் தெய்வங்களாகச் சேர்க்கப்பட்ட போர்க்குற்றவாளிகள் பதினால்வர் பெயரும் அதே மதிலுக்குள்தான் இருக்கின்றன. மரத்தைப் பார்ப்பவர் மதிலையும் பார்த்தல் தகும்.

ஜப்பானிய எழுத்தாளருள் இதனை நேரே நோக்கியவர் ஸகாகுச்சி அங்கோ. 1947இல் வெளிவந்த அவருடைய ‘பூத்த செர்ரிக் காட்டின் கீழ்’ என்னும் கதை, பூத்த காட்டைக் கடக்க அஞ்சும் கொள்ளைக்காரன் ஒருவனைப் பற்றியது. கூட்டத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் அப்பூ பயங்கரமானது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகின்றார். கதையின் முடிவிலும் மனிதர் யாரும் எஞ்சுவதில்லை. இது வெறும் கற்பனையன்று. 1945 மார்ச்சு 10ஆந் தேதி இரவில் அமெரிக்க விமானங்கள் தோக்கியோவை எரித்தன. ஏறக்குறைய இலட்சம் பேர் மாண்டனர். பிணங்களை உவேனோவிற் சேர்த்து எரித்தனர். சில நாளில் அங்கே செர்ரி பூத்தது. பார்ப்பதற்கு ஒருவரும் இல்லை, காற்று மட்டும் வீசிற்று. அதனைத் தாம் கண்டதாக அங்கோ பின்னர் ஒரு கட்டுரையில் எழுதினார். நகயாக்காரர்கள் முள்ளங்கியைக் கடித்துச் சிரித்த மலையும் அதுவே. வெறிச்சோடிய வீதியை விரும்பிய கென்கோ இக்காட்சியைக் கண்டிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. நீல விரிப்பும் பீரும் கூச்சலும் மறுபடி அவ்விடத்தில் வந்ததை இழிவென்று பேசுவோர், ஆளற்ற அம்மார்ச்சு மாதத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

ஆங்கிலத்தில் கென்கோவும் நோ நாடகங்களும் நிறையக் கிடைக்கின்றன. அங்கோவின் கதையும் கிடைக்கின்றது. நகயாக்காரர்களின் கதை தமிழில் வரவேண்டுமென்பது நம் விருப்பம். மேடையும் திரையும் வேண்டாதது. ஒரு பாயில் ஒருவர் அமர்ந்தால் தோட்டத்து மன்றத்திலேயே நடத்திவிடலாம். மொழிபெயர்ப்போர்க்கு ஒரு சங்கடம் மட்டும் உண்டு. மதுவுக்குரிய ஜப்பானியச் சொல்லைத் தேநீருக்குரிய சொல்லோடு குழைத்துக் குடிவாரத்துக்காரர் செய்யும் சிலேடையில்தான் கதையின் முதற் சிரிப்பு பிறக்கின்றது. ஆங்கிலத்தார் அதனைப் பெயர்க்க மாட்டாமல் தவித்திருக்கின்றனர். நமக்கு அத்தவிப்பு இல்லை. புட்டியைத் தூக்கிக் காட்டி, “தண்ணி இருக்குடா” என்று அவர் முதலிற் சொல்லட்டும். ஒருவன் மோந்து பார்த்துவிட்டு, “ஐயா, இது தேத்தண்ணி!” என்று கூவட்டும்.